குளிரில் உருகும் ஐஸ்கிரீம்

வெயில் ஏறினால் ஐஸ்கிரீம் உருகும். இதைச் சொல்ல அறிவியல் படிக்க வேண்டியதில்லை. குளிர் ஏறினால் ஐஸ்கிரீம் உருகும் என்று ஒருவர் சொன்னால் நம்புவோமா? அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் குளிர்காலந்தோறும் பல வீடுகளில் இது நடக்கிறது. மின்சாரம் தடையின்றி வந்துகொண்டிருக்கும்போதே, பழுது ஏதும் இல்லாத குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே நடக்கிறது. ஆனால் அந்தப் பெட்டி இருக்கும் இடம் சமையலறை அன்று. கார் நிறுத்தும் அறை. அதை அவர்கள் கராஜ் என்பார்கள். நாம் கார் ஷெட் என்போம்.

கார் நிற்கும் இடத்தில் குளிர்பதனப் பெட்டிக்கு என்ன வேலை என்று நமக்குத் தோன்றுவது இயல்பே. அங்கே அன்றாடம் கடைக்குப் போகும் வழக்கம் குறைவு. வாரத்துக்கு ஒரு முறை காரை எடுத்துக்கொண்டு போய், பாலும் இறைச்சியும் ரொட்டியும் மொத்தமாக வாங்கி வந்து அடுக்கி வைப்பார்கள். இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குச் செல்வோர் உண்டு. ஒரு மானின் இறைச்சி சமையலறைப் பெட்டியில் அடங்காது. நவம்பரில் நன்றி நவிலும் திருநாளுக்கு முழு வான்கோழி வாங்கி வைக்க வேண்டும். இவை போதா என்று, சமையலறைக்குப் புதிய பெட்டி வந்ததும் பழையதைத் தூக்கி எறிய மனம் வராமல் கராஜுக்குத் தள்ளி விடுவார்கள். இந்த மனம் நமக்கும் அயலானதன்று. நம் வீட்டுப் பரண்களே சாட்சி. அமெரிக்க அரசு 2020ஆம் ஆண்டுக்கு எடுத்த வீட்டு எரிசக்திக் கணக்கின்படி, அந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குளிர்பதனப் பெட்டிகள் உள்ளன. கராஜும் நிலவறையுமே இரண்டாவது பெட்டிக்கு வழக்கமான இடங்கள்.

ஆகவே கராஜுக்கு எந்தப் பெட்டியை வாங்குவது என்பது அங்கே சின்னக் கேள்வி அன்று. கடைக்காரரிடம் கேட்டால் கொள்ளளவையும் விலையையும் நிறத்தையும் சொல்வார். ஆனால் முதலில் கேட்க வேண்டியது பெட்டியைப் பற்றிய கேள்வியே அன்று. உன் கராஜின் காற்று ஆண்டு முழுவதும் எந்த வெப்பநிலையிலிருந்து எந்த வெப்பநிலை வரை போகிறது என்பதே முதற்கேள்வி. ஏன் என்பதைக் காண்போம்.

குளிர்பதனப் பெட்டி குளிரை உண்டாக்குகிறது என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மையில் அது செய்வது உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுவதுதான். தோணிக்குள் கசிந்து வரும் நீரை ஒருவன் சிரட்டையால் மொண்டு மொண்டு வெளியே இறைப்பது போன்றது அது. எளிதில் ஆவியாகும் ஒரு பொருள் குழாய்களின் வழியே சுற்றி வருகிறது. உள்ளே இருக்கும் குழாயில் அது ஆவியாகும்போது தனக்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தை உணவிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரஸர் எனப்படும் அமுக்கி அந்த ஆவியை அழுத்திச் சூடாக்கி வெளிக்குழாய்க்கு அனுப்புகிறது. அங்கே அது வெப்பத்தை அறைக்காற்றில் விட்டுவிட்டு மீண்டும் திரவமாகிறது. ஜேக்கப் பெர்க்கின்ஸ் என்பவர் 1834இல் லண்டனில் காப்புரிமை பெற்ற முறை இதுவே. இன்றைய பெட்டிகளின் அடிப்படையும் இதுதான்.

அமுக்கி எப்போதும் ஓடுவதில்லை. எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைத் தெர்மோஸ்டாட் என்னும் காவலன் முடிவு செய்கிறான். ஐஸ்கிரீம் உருகும் மர்மம் முழுவதும் இந்தக் காவலன் எங்கே நிற்கிறான் என்பதில் அடங்கியிருக்கிறது.

மேலே உறைய வைக்கும் அறை, கீழே குளிர வைக்கும் அறை என்று இரண்டு அறைகள் உள்ள சாதாரணப் பெட்டியை எடுத்துக்கொள்வோம. மேலறை சுழிக்குக் கீழே 18 டிகிரி செல்சியசில் இருக்க வேண்டும்; கீழறை 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. இப்படிப்பட்ட பெட்டிகள் பலவற்றில் அமுக்கி ஒன்று, ஆவியாகும் குழாயும் ஒன்று, காவலனும் ஒருவன்தான். குழாய் இருப்பது மேலறைப் பக்கம். அங்கே குளிர்ந்த காற்றில் ஒரு பங்கைச் சிறு விசிறி கீழறைக்குத் தள்ளுகிறது. காவலன் நிற்பதோ கீழறையில். கீழறை சூடானால் அமுக்கியை ஓட்டுவான். கீழறை குளிர்ந்தால் நிறுத்துவான். மேலறையை அவன் எட்டிப் பார்ப்பதே இல்லை.

சமையலறையில் இந்த ஏற்பாடு நன்றாகவே நடக்கிறது. அறைக்காற்று 22 டிகிரி என்றால் வெப்பம் இரண்டு அறைகளுக்குள்ளும் இடையறாது கசிகிறது. கீழறை அடிக்கடி சூடாகும். அமுக்கி அடிக்கடி ஓடும். அந்த ஓட்டத்தில் மேலறையும் தனக்கு வேண்டிய குளிரைப் பெற்றுவிடும். இரண்டு அறைகளின் தேவைக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டுத்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

இப்போது அதே பெட்டியைக் கராஜுக்குக் கொண்டு போவோம். மின்னசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகரில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலை சுழிக்குக் கீழே ஏறத்தாழ 9 டிகிரி. வீட்டுச் சுவரோடு ஒட்டிய கராஜ் அவ்வளவு குளிராது. 3 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கீழறைக்கு வேண்டியது 4 டிகிரி. வெளிக்காற்றே 3 டிகிரி! கீழறைக்குள் வெப்பம் கசிய வழியே இல்லை. காவலன் நிம்மதியாக உறங்குகிறான். அமுக்கி மணிக்கணக்கில், நாட்கணக்கில் ஓடுவதில்லை. ஆனால் மேலறைக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே இன்னும் 21 டிகிரி வேறுபாடு இருக்கிறது. அங்கே வெப்பம் மெல்ல மெல்லக் கசிந்துகொண்டே இருக்கிறது. அதை இறைத்துக் கொட்ட ஆள் இல்லை. சுழிக்குக் கீழே 18 என்பது 10 ஆகி, 5 ஆகி, கடைசியில் உறைநிலையைத் தாண்டுகிறது. ஐஸ்கிரீம் கூழாகிறது. இறைச்சி இளகுகிறது.

ஐஸ்கிரீம் போனால் போகட்டும் எனலாம். இறைச்சியில்தான் ஆபத்து. சில நாள் கழித்து வெயில் அடித்துக் கராஜ் 15 டிகிரிக்கு வந்தால் கீழறை சூடாகும், காவலன் விழிப்பான், அமுக்கி ஓடும், மேலறை மீண்டும் கல்லாக உறையும். வீட்டுக்காரர் திறந்து பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகவே தெரியும். இடையில் இறைச்சி எத்தனை நாள் இளகிக் கிடந்தது, எவ்வளவு சூடேறியது என்பதை அவர் அறியமாட்டார். உறைய வைப்பதால் நுண்ணுயிர்கள் செத்துப் போவதில்லை. பெரும்பாலானவை உறங்கவே செய்கின்றன. 4 டிகிரிக்கு மேல் போனால் அவை விரைந்து பெருகும். அதனால்தான், இளகிய உணவில் பனித்துகள் இன்னும் இருந்தாலோ அது 4 டிகிரிக்கு மேல் போகாமல் இருந்தாலோ மட்டுமே மறுபடி உறைய வைக்கலாம் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்கிறது.

இங்கே ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. அதே அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், பாஸ்டனை அடுத்த ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, 1833இல் கல்கத்தாவுக்கே கப்பலேற்றி அனுப்பியவர் பிரடெரிக் டியூடர். அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் எழுந்த கட்டடமே ஐஸ் ஹவுஸ். இன்று விவேகானந்தர் இல்லம். இயந்திரம் ஏதும் இல்லாமல், வெறும் மரத்தூளை நம்பி, பனிக்கட்டி பாதி உலகைக் கடந்து வந்தது. இயந்திரம் உள்ள பெட்டியிலோ, அது வெட்டப்பட்ட நாட்டுக் குளிரிலேயே ஐஸ்கிரீம் உருகுகிறது!

கராஜ் இன்னும் குளிர்ந்து சுழிக்குக் கீழே போனால் தொல்லை வேறு வடிவம் எடுக்கும். இப்போது கீழறையில் உள்ளவை உறையத் தொடங்கும். நீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருமன் கூடும்; குளிர்பான டப்பாக்கள் பிதுங்கி வெடிக்கும்; முட்டைகள் விரியும். பெட்டிக்கு உள்ளிருப்பதைக் குளிர்விக்கத் தெரியுமே தவிர வெதுவெதுப்பாக்கத் தெரியாது. அமுக்கிக்குள் இருக்கும் மசகெண்ணெயும் குளிரில் தடித்துவிடும். சுற்றி வரும் பொருளோ எங்கே மிகக் குளிர்ந்திருக்கிறதோ அங்கே போய்த் தேங்கும் இயல்புடையது. அது எண்ணெயில் கரைந்து கிடக்க, அமுக்கி திடீரென்று ஓடும்போது எண்ணெய் நுரைத்து, உராயும் பாகங்களுக்குச் சரியாகப் போய்ச் சேராது. பெட்டியின் ஆயுள் குறைய இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் எதைத் தேர்வது? பெட்டியின் உட்சுவரிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் விவரத் தகட்டில் பல நாடுகளில் ஓர் எழுத்துக் குறியீடு காணப்படும். எஸ்.என். என்றால் சுற்றுக்காற்று 10 முதல் 32 டிகிரி வரை, என். என்றால் 16 முதல் 32 வரை, எஸ்.டி. என்றால் 16 முதல் 38 வரை, டி. என்றால் 16 முதல் 43 வரை. அந்த எல்லைக்குள் பெட்டி தன் வேலையைச் செய்யும் என்பதே பொருள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மிகக் குளிர்ந்த இடத்துக்கு உரிய எஸ்.என். வகையே 10 டிகிரியில்தான் தொடங்குகிறது. பிரிட்டனின் சாதாரணக் குளிர்கால இரவிலேயே கராஜ் அதற்குக் கீழே போய்விடும். எனவே எழுத்தைப் பார்த்து நிறைவடைய முடியாது. கராஜுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே எழுத்தில் சொல்லி, எத்தனை டிகிரி வரை என்று எண்ணையும் கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அப்படி விற்கும் பெட்டிகளில் பல ஏறத்தாழ 3 டிகிரி முதல் 43 டிகிரி வரை என்கின்றன. பிரிட்டனில் சுழிக்குக் கீழே 15 டிகிரி வரை தாங்கும் என்று விற்கும் உறைபெட்டிகளும் உண்டு.

பழைய பெட்டியையே வைத்துக்கொள்ள விரும்புவோருக்காக ஒரு சிறு சூடேற்றியும் அங்கே விற்கிறார்கள். கீழறைக் காவலனுக்கு அருகே அதைப் பொருத்தினால், அறை சூடாகிவிட்டது என்று ஏமாந்து அவன் அமுக்கியை ஓட்டுவான். குளிர வைக்கும் பெட்டிக்குள் சூடேற்றியைச் செருகிக் குளிரை வரவழைப்பது வேடிக்கையாகத்தான் இருக்கிறது. வேலை நடக்கும் என்பது உண்மை. ஆயினும் புதிதாக வாங்கப் போகிறவர் இந்த வழிக்குப் போக வேண்டியதில்லை.

என் கணிப்பில், குளிர்நாட்டுக் கராஜுக்கு மிகவும் பொருத்தமானது தனி உறைபெட்டி. அதில் அறை ஒன்றே. காவலன் நிற்பதும் அந்த அறையில்தான். கராஜ் 3 டிகிரியானால் என்ன, சுழியானால் என்ன? உள்ளே சுழிக்குக் கீழே 18 இல்லையென்றால் அவன் அமுக்கியை ஓட்டியே தீருவான். மசகெண்ணெய்த் தொல்லை மட்டும் மிஞ்சும். அதற்குத்தான் தயாரிப்பாளரின் எண்ணைப் பார்க்க வேண்டும். அதிலும், நம் ஊர் ஐஸ்கிரீம் கடைகளில் காண்கிறோமே, மேலே மூடி வைத்த பெட்டி, அது இன்னும் நல்லது. குளிர்காற்று கனமானது. முன்பக்கக் கதவைத் திறந்தால் காலடியில் வழிந்து ஓடிவிடும். மேல்மூடியைத் திறந்தால் கிணற்று நீர் போல உள்ளேயே கிடக்கும். அடியில் இருப்பதை எடுக்கக் குனிந்து துழாவ வேண்டும் என்பது அதன் குறை. முதியோர் உள்ள வீட்டில் இதை அற்பமாக எண்ணக் கூடாது. உறைபனி தானாக நீங்கும் வசதி உள்ள பெட்டிகளில் அவ்வப்போது ஒரு சூடேற்றி இயங்கிப் பனியை உருக்கும். அதனால் உள் வெப்பநிலையும் ஏறி இறங்கும், மின்சாரமும் கூடுதலாகும். நீண்ட நாள் சேமிப்புக்குக் கையால் பனி நீக்கும் பழைய முறையே மேல். பாலும் காய்கறியும் வைக்கக் கீழறையும் வேண்டும் என்போர், இரண்டு அறைக்கும் தனித்தனிக் காவலன் உள்ள பெட்டியா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இதுவரை குளிரின் பக்கம். வெப்பத்தின் பக்கமும் ஒன்று உண்டு. அதுதான் நமக்கு நெருக்கமானது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து பீனிக்ஸ் நகரில் 2023ஆம் ஆண்டு கோடையில் 31 நாட்கள் இடைவிடாமல் பகல் உச்ச வெப்பநிலை 43 டிகிரியைத் தாண்டியது. மேலே சொன்ன டி. வகையின் கடைசி எல்லையே 43தான். கதவடைத்த கராஜ், அதற்குள் இப்போதுதான் ஓடி வந்து நிற்கும் காரின் சூடான என்ஜின். உள்ளே என்ன வெப்பம் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இயற்பியல் மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. பெட்டிக்குள் கசியும் வெப்பம் உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அப்படிக் கசிந்ததை வெளியே இறைக்கும் இலட்சிய இயந்திரத்துக்கு, கார்னோ காட்டிய வழிப்படி, ஒவ்வொரு ஜூல் வெப்பத்துக்கும் வேண்டிய வேலையும் அதே வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் மின்சாரச் செலவு வேறுபாட்டின் இருமடிக்கு ஏற்ப உயரும். உள்ளே சுழிக்குக் கீழே 18 டிகிரி. வெளியே 25 டிகிரி என்றால் வேறுபாடு 43. வெளியே 43 டிகிரி என்றால் வேறுபாடு 61. 43இன் இருமடி 1849. 61இன் இருமடி 3721. அதாவது 25 டிகிரி அறையில் இருந்த உறைபெட்டியை 43 டிகிரி அறைக்கு மாற்றினால் செலவு இரண்டு மடங்கு! மாறாக வெளியே 5 டிகிரி என்றால் வேறுபாடு 23, இருமடி 529. செலவு மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. நிஜ இயந்திரங்கள் இந்தக் கணக்கில் அப்படியே நடப்பதில்லை, போக்கு இதுதான்.

வேலூரிலும் திருத்தணியிலும் கோடையில் 40 டிகிரி என்பது புதுமையன்று. தகரக் கூரை போட்ட கொட்டகைக்குள் அது இன்னும் ஏறும். நம் ஊர்ப் பெட்டிக் கடைகளில் மேற்கு வெயில் நேரே விழும் இடத்தில், சுவரை ஒட்டி, பின்குழாய்க்குக் காற்றே போகாதபடி குளிர்பதனப் பெட்டியை நிறுத்தியிருப்பதைப் பார்த்திருப்போம். கொட்டிய வெப்பம் அங்கேயே தங்கி மறுபடி உள்ளே கசிகிறது; நீரை இறைத்துத் தோணிக்குள்ளேயே ஊற்றுவது போல. கூரைக்கு அடியில் தென்னங்கீற்றை வேய்ந்து, பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினாலே கட்டணத்தில் மாற்றம் தெரியும். இதற்குக் காசு செலவில்லை.

பழைய பெட்டியைக் கராஜுக்குத் தள்ளும் சிக்கனம் உண்மையில் சிக்கனம்தானா என்பதையும் பார்க்க வேண்டும். 1970களின் நடுவில் அமெரிக்காவில் விற்ற புதிய குளிர்பதனப் பெட்டி சராசரியாக ஆண்டுக்கு ஏறத்தாழ 1800 யூனிட் மின்சாரம் தின்றது. கலிபோர்னியா மாநிலமும் பிறகு மைய அரசும் விதித்த தரக்கட்டுப்பாடுகளால், இன்று அதைவிடப் பெரிய பெட்டிகளே 500 யூனிட்டை ஒட்டிய அளவில் ஓடுகின்றன. ஆகவே மிகப் பழைய பெட்டியை வெப்பமான இடத்தில், நாலு பாட்டில் குளிர்பானத்துக்காக ஆண்டு முழுவதும் ஓட்டுவது, இலவசமாகக் கிடைத்ததென்று யானையைக் கட்டித் தீனி போடுவதுதான்.

இடம் சார்ந்த வேறு சில செய்திகளும் உள்ளன. அமெரிக்க மின்விதிப்படி கராஜில் உள்ள மின்செருகிகளுக்கு, மின்கசிவு கண்டால் துண்டிக்கும் காப்பு வேண்டும். நம் ஊரில் இ.எல்.சி.பி. என்று மின்பணியாளர்கள் சொல்லும் கருவிக்கு அது உறவு. உயிர் காக்கும் கருவிதான். ஆனால் சிறு ஈரத்துக்கும் துண்டித்துவிட்டால், யாரும் அடிக்கடி போகாத கராஜில் உறைபெட்டி ஓடாமல் கிடப்பது வாரக்கணக்கில் தெரியாது. இதற்கு எச்சரிக்கை மணி உள்ள பெட்டிகள் வந்துவிட்டன. அது இல்லாதவர்கள் செய்யும் உபாயம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு குவளை நீரை உறைய வைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வைத்து உறைபெட்டிக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. அடியில் கிடந்தால் இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். மின்சாரம் நின்றாலும், நிறைய அடுக்கிய உறைபெட்டி கதவைத் திறக்காதவரை ஏறத்தாழ 48 மணி நேரம் குளிரைக் காக்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். காலியிடம் இருந்தால் நீர் நிரப்பிய பாட்டில்களை, விரிவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு, அடுக்கி வைக்கலாம்.

கராஜில் பெட்ரோல் டப்பாவும் இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டியே பரவும். அமுக்கியும் அதன் மின்விசையும் இருப்பது பெட்டியின் அடியில். விசை இயங்கும்போது தெறிக்கும் சிறு பொறி போதும். இரண்டையும் ஒரே மூலையில் வைக்கலாகாது.

இன்னொன்று குழந்தைகளைப் பற்றியது. முன்பு குளிர்பதனப் பெட்டிகளின் கதவில் வெளியிலிருந்து மட்டுமே திறக்கும் கொக்கித் தாழ் இருந்தது. கராஜிலும் கொல்லையிலும் ஒதுக்கிப் போட்ட பெட்டிகளுக்குள் கண்ணாமூச்சி விளையாடப் புகுந்த குழந்தைகள் மூச்சடைத்து இறந்தார்கள். உள்ளே கத்தினால் வெளியே கேட்காது; வெப்பம் புகாமலிருக்க அடைத்த சுவர் ஒலியையும் விடாது. இதனால் அமெரிக்க அரசு 1956இல் ஒரு சட்டம் இயற்றியது. 1958 அக்டோபர் இறுதிக்குப் பின் செய்யும் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி எதுவும் உள்ளிருந்து திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்றது அச்சட்டம். இன்று கதவோரம் காணும் காந்தப் பட்டை கொக்கியின் இடத்தைப் பிடித்தது அப்படித்தான். ஆனால் சிறு குழந்தைக்கு அந்தப் பட்டையைத் தள்ளவும் வலுவிருக்கும் என்று சொல்ல முடியாது. மேல்மூடிப் பெட்டியின் மூடியோ கனமானது. ஓடாமல் ஒதுக்கி வைக்கும் பெட்டியின் கதவைக் கழற்றிவிட்டு, உள்தட்டுகளைக் குழந்தை ஏறி உட்கார முடியாதபடி அப்படியே விட்டு வைக்க வேண்டும். கதவைக் கழற்ற ஒரு திருப்புளி போதும். பெரும்பாலான பெட்டிகளில் அது கால்மணி நேர வேலை.